உக்கடத்துக் குளக்கரையில் ஒரு பெலிக்கான்

கோவைக்கு வருகிறவர்கள் மருதமலைக்குப் போவார்கள். பேரூர்க் கோயிலின் சிற்பங்களைக் காண்பார்கள். நம்மவர்கள் கருமத்தம்பட்டி செபமாலை அன்னையைத் தேடிச் செல்வார்கள். உக்கடத்தைக் காண்பதற்கென்றே வருகிறவர் எவரும் இலர். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பாலக்காட்டிற்கும் பேருந்து ஏறுகிற இடம் அது; ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குகிற இடம்; வாகன நெரிசலில் நின்று நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்கிற இடம். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் ஆற்றுப்பாலம் வரையிலான மேம்பாலம் திறக்கப்பட்ட பின்னர், இறங்கி நிற்க வேண்டிய கட்டாயமும் பலருக்கு இல்லாது போயிற்று. ஊரின் தலைக்கு மேலாகவே பறந்து போய்விடுகிறார்கள்.

அப்படிப்பட்ட உக்கடத்திற்கு எங்கள் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு உல்லாசப் பயணம் சென்றோம் என்றால் வாசகர்கள் புன்முறுவல் பூக்கக்கூடும். காரணம் இருந்தது. அதைச் சொல்வதற்கு எங்கள் தொழிலை முதலில் சொல்லியாக வேண்டும்.

கணவனும் மனைவியுமாக நாங்கள் இருவரும் வரைகலைத் தொழிலினர். திருமண அழைப்பிதழ், புத்தக மேலட்டை, மிட்டாய்ப் பெட்டி, பங்குத் திருவிழாச் சுவரொட்டி, நினைவஞ்சலி அட்டை என எது வந்தாலும், எழுத்தையும் உருவத்தையும் வண்ணத்தையும் ஓர் ஒழுங்கில் அமைத்துத் தருவதே எங்கள் பிழைப்பு. பிள்ளைகள் பிறந்த நாள் முதலாகவே தாள்களுக்கும் வண்ணங்களுக்கும் நடுவில் வளர்ந்தவர்கள். "உங்கள் பிள்ளைகளுக்கென்ன, கொடுத்து வைத்தவர்கள், தாமாகவே வரைவார்கள்" என்று உறவினர்கள் கூறுவது வழக்கம். நடந்ததோ வேறு. ஒன்பது வயது நிரம்பிய எங்கள் மகள், சென்ற ஜூன் மாதம் முதல் வண்ணக்கட்டியைத் தொடவே இல்லை. கேட்டால், "எனக்கு வரைய வராது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாள்.

பள்ளியொன்றில் நடந்த வண்ணம் தீட்டும் போட்டிதான் தொடக்கம். அச்சிட்ட காகத்தின் உருவத்திற்குள் கோடு தாண்டாமல் கறுப்பு அடிக்க வேண்டும். அவளோ காகத்திற்கு நீலமும் கத்தரிப்பூ நிறமும் கொடுத்துவிட்டாள். வெயிலில் நிற்கும் காகத்தின் கழுத்தைக் கூர்ந்து நோக்கியவர்கள் அவள் பொய் சொல்லவில்லை என்பதை அறிவார்கள். எனினும் தாளின் மேல் சிவப்பு மையால் பெருக்கல் குறி ஒன்று விழுந்தது. அதன்மேல் வீட்டு நிலைமையும் சேர்ந்துகொண்டது. வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கணினித் திரையில் குறையற்ற வட்டங்கள், குறையற்ற கோடுகள். தச்சன் வீட்டுப் பிள்ளைக்குத் தான் அடித்த ஆணி கோணலாகவே தெரியும். போதாக்குறைக்கு, இன்று ஒரு வரி எழுதினால் படத்தைக் கணினியே வரைந்து நீட்டிவிடுகிறது. "அப்புறம் நான் எதற்கு அப்பா வரைய வேண்டும்?" என்று அவள் கேட்டபோது, எங்கள் தொழிலின் எதிர்காலத்தையும் சேர்த்தே கேட்டதுபோல் இருந்தது.

புதிய வண்ணப் பெட்டி வாங்கித் தருவதாலோ, மாலைநேர ஓவிய வகுப்பிற்கு அனுப்புவதாலோ இது தீராது என்று எங்களுக்குத் தோன்றிற்று. கைக்குப் பயிற்சி போதாமல் அன்று அவள் நின்றுபோனது. கண் கண்டதை நம்பக் கூடாதோ என்ற ஐயம் அவளுக்குள் புகுந்திருந்தது. ஆகவே வரையச் சொல்லாமல், பார்க்கச் செல்வோம் என்று தீர்மானித்தோம். பணச் செலவில்லாமல், நடந்து போகும் தூரத்தில், பார்ப்பதற்கு மிகுதியாக உள்ள இடம் எது என்று எண்ணியபோது உக்கடம் நினைவுக்கு வந்தது.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு ஞாயிறு. பெரிய கடைவீதித் தூய மிக்கேல் அதிதூதர் பேராலயத்தில் காலைத் திருப்பலி முடிந்ததும் புறப்பட்டோம். ஆளுக்கொரு கோடு போடாத நோட்டு, ஆளுக்கிரண்டு பென்சில். அழிப்பான் எடுத்துச் செல்லவில்லை. எங்கள் தொழிலில் கற்ற பழக்கம் அது. அழிப்பான் கையிலிருந்தால் கண் தாளையே பார்க்கும், பொருளைப் பார்க்காது. மகள் தன் நோட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டாள். நாங்கள் எதுவும் சொல்லவில்லை.

பேராலயத்திலிருந்து உக்கடம் ஒரு மைல்கூட இராது. அந்த ஒரு மைலைக் கடக்க எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஐந்து வயதுச் சிறியவன் இப்போதுதான் உயிர்மெய் எழுத்துகளைக் கற்று வருகிறான். அவனுக்காக 'எழுத்து வேட்டை' என்று ஒரு விளையாட்டை வைத்தோம். 'க' என்னும் ஒரே எழுத்தைக் கடைப்பலகைகளில் தேட வேண்டும். ஒன்றைப்போல் மற்றொன்று இருக்கக் கூடாது. நகைக்கடையின் 'க' தடித்த காலோடு செல்வந்தரைப்போல் உட்கார்ந்திருந்தது. இனிப்புக் கடையின் 'க' ஜிலேபியாய்ச் சுருண்டிருந்தது. பூட்டியிருந்த கடையொன்றின் மரக்கதவில், தூரிகையால் எழுதிய பழைய 'க' ஒன்று பாதி உரிந்து நின்றது. அதன் முன்னால் நாங்கள் சற்று நேரம் நின்றோம். தூரிகை இறங்கும்போது தடித்தும் வளையும்போது மெலிந்தும் வருகிற அந்த உயிர்ப்பை, பிளெக்ஸ் பலகைகளில் காண முடிவதில்லை. பிளெக்ஸ் வந்தபின் பெயர்ப்பலகை எழுதி வாழ்ந்த எத்தனையோ கைகள் சுண்ணாம்பு அடிக்கப் போயின. அந்தப் பிளெக்ஸுக்கு வடிவம் அமைத்துக் கொடுப்பவர்களில் நாங்களும் உண்டு. ஆகவே இது பற்றி நீட்டி முழக்க எங்களுக்குத் தகுதியில்லை.

எழுத்து வேட்டையில் மகள் தானாகச் சேர்ந்துகொண்டது, பாட்டியின் செபப் புத்தகத்தை நினைத்துத்தான். "பாட்டி புத்தகத்தில் 'லை'க்குத் தும்பிக்கை இருக்குமே, அதைக் காணோமே?" என்றாள். பழைய வீடுகளில் வளர்ந்த வாசகர்களுக்கு அந்தத் தும்பிக்கை எழுத்துகள் நினைவிருக்கும். ணை, லை, ளை, னை ஆகிய நான்கையும், ணா, றா, னா வரிசைகளில் ஒன்பதையும் சேர்த்துப் பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் 1978-ஆம் ஆண்டுத் தமிழக அரசின் ஆணையால் மாற்றப்பட்டது. தந்தை பெரியார் தம் இதழ்களில் பல ஆண்டுகளுக்கு முன்பே கையாண்ட சீர்திருத்தம் அது. அதற்கு மிகச் சரியாக 400 ஆண்டுகளுக்கு முன், 1578-இல், சேசு சபையின் அண்டிரிக் அடிகளார் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்கச் சிறு நூலைத் தமிழ் எழுத்துகளிலேயே அச்சேற்றினார். உலோகத்தில் முதன்முதலாகத் தமிழ் எழுத்தை வார்த்தவர்கள் நம் திருச்சபைக்காக உழைத்தவர்கள் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் போதிய அளவு சொல்வதில்லை. ஏகாரத்திற்கும் ஓகாரத்திற்கும் இன்று நாம் எழுதுகிற தனி வடிவம் வீரமாமுனிவர் தந்தது என்பதும் நம் மரபு. "அப்படியென்றால் எழுத்தையும் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து வரைந்திருக்கிறாரா?" என்றாள் மகள். எழுத்து என்பது மலையைப்போலவும் மழையைப்போலவும் முதலிலிருந்தே இருந்தது என்று அவள் எண்ணியிருந்தாள் போலும். ஒருவர் வரைந்ததை இன்னொருவர் மாற்றலாம் என்ற செய்தி அவளை வெகுவாகச் சிந்திக்க வைத்தது. ஒப்பணக்காரத் தெருவில் அத்தர் ஜமாத் பள்ளிவாசலைக் கடக்கும்வரை அவள் பேசவே இல்லை.

உக்கடம் மீன் சந்தையை வாசகர்களுக்கு வருணிக்கத் தேவையில்லை, வாசனையே வழிகாட்டும். சிறியவன் மூக்கைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தான்; சிறிது நேரத்தில் மூக்கை மறந்தான். மத்தி வெள்ளிக்காசுபோல் மின்னிற்று. வஞ்சிரத்தின் முதுகில் எண்ணெய் படர்ந்த நீலம். மகளை அழைத்து, "இது என்ன நிறம்?" என்று கேட்டோம். அவள் வெகு நேரம் பார்த்துவிட்டு, "காக்கா நிறம்" என்றாள். அவள் முகத்தில் ஒரு சிறு வெற்றி தெரிந்தது.

சிறியவன் ஓரமாகக் குந்தி மீன் வரைந்தான். இரண்டு வளைவுகள், வால் பக்கம் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். எல்லாக் குழந்தைகளும் முதலில் வரைகிற மீன் அதுதான். உரோமையில் ஆதிக் கிறிஸ்தவர்கள் தம் கல்லறைகளில் பொறித்ததும் மீனைத்தான். கிரேக்க மொழியில் மீன் என்னும் சொல்லின் ஐந்து எழுத்துகளும், 'இயேசு கிறிஸ்து, கடவுளின் மகன், மீட்பர்' என்னும் சொற்களின் முதலெழுத்துகள். தூய கலிஸ்துவின் நிலத்தடிக் கல்லறையில், அப்பக்கூடையோடு கூடிய மீன் ஓவியத்தை இன்றும் காணலாம். இன்று வணிக நிறுவனங்கள் ஒரு சின்னத்திற்காக இலட்சக்கணக்கில் செலவழிக்கின்றன. அந்த எளிய மக்கள் அமைத்த சின்னத்தை ஐந்து வயதுப் பிள்ளை ஐந்து நொடியில் வரைந்துவிடுகிறான். தொழில்முறையில் சொல்கிறோம், அதைவிடச் சிறந்த அமைப்பு எங்களுக்குத் தெரியாது.

மீன் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். "ஏங் கண்ணு, கட்லாவுக்குத் தலை இத்தனூண்டா இருக்கும்? நல்லாப் பாரு சாமி!" என்றவர், எங்கள் பக்கம் திரும்பி, "ஒடம்புல பாதி தலைதானுங்க அதுக்கு" என்றார். சிறியவன் மீனைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். அடுத்த பக்கத்தில் தலை மட்டுமே உள்ள கட்லா ஒன்று தோன்றிற்று. அந்தப் பெரியவர் பிழை என்று சொல்லவில்லை, 'பார்' என்று சொன்னார். ஓவிய ஆசிரியர்கள் பலருக்கும் வாய்க்காத நுட்பம் இது.

சந்தையிலிருந்து குளக்கரைக்கு வந்தோம். உக்கடம் பெரியகுளம் ஏறத்தாழ 320 ஏக்கர் பரப்புடையது. வெள்ளியங்கிரி மலையடிவாரத்திலிருந்து இறங்கி வரும் நொய்யலாற்றின் நீரை அணைக்கட்டுகள் வழியாகவும் வாய்க்கால்கள் வழியாகவும் ஒரு குளத்திலிருந்து மறு குளத்திற்கு அனுப்பிவைத்த நம் முன்னோரின் ஏற்பாட்டில் இதுவும் ஒரு கண்ணி. ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு வழியும். நெடுங்காலம் இந்தக் குளம் கழிவுநீரையும் ஆகாயத்தாமரையையும் சுமந்து கிடந்தது. 2013-ஆம் ஆண்டு பொதுமக்கள் திரண்டு வந்து தூர்வாரும் பணிக்குக் கைகொடுத்ததைக் கோவைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். பின்னர் மாநகராட்சி சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ் கரையைப் பலப்படுத்தி நடைபாதை அமைத்தது. கழிவுநீர்ச் சிக்கல் முற்றும் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் பறவைகள் வருகின்றன. நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. நீலத் தாழைக்கோழிகள் கோரைக்குள் ஓடி மறைந்தன. சற்று தூரத்தில், தண்ணீரில் மிதக்கும் மூட்டைகளைப்போல, கூழைக்கடாக்கள்.

"இதுதான் பெலிக்கான்" என்று சொன்னோம்.

மகள் நம்பவில்லை. எங்கள் பங்கு ஆலயத்து நற்கருணைப் பேழையின் கதவில் ஒரு பெலிக்கான் உண்டு. தன் நெஞ்சைத் தானே அலகால் கிழித்து, வடியும் இரத்தத்தால் குஞ்சுகளுக்கு உயிரூட்டுகிற தாய்ப்பறவை. பழைய பீடங்களிலும் குருக்களின் திருவுடைகளிலும் இவ்வுருவத்தை வாசகர்கள் கண்டிருப்பார்கள். ஆதிக் கிறிஸ்தவர் காலத்துக் கதை அது. தூய தோமா அக்குவினாரின் பெயரால் வழங்கும் நற்கருணைப் பாடலும் ஆண்டவரைப் பெலிக்கான் என்றே விளிக்கிறது. ஆனால் அந்தப் பேழைக் கதவின் பறவைக்குக் கழுகின் மூக்கு, அன்னத்தின் கழுத்து. உக்கடத்துப் பறவைக்கோ முழநீள அலகு. அதன்கீழே தொங்கும் தோல்பை. ஐரோப்பாவின் பழைய ஓவியர்கள் பலர் பெலிக்கானைக் கண்ணால் கண்டவர்கள் அல்லர். கேட்ட கதையை வைத்தே வரைந்தார்கள். அலகை மார்போடு அழுத்தித் தொண்டைப்பையிலிருந்து குஞ்சுகளுக்கு மீன் ஊட்டும் காட்சியைத் தொலைவிலிருந்து கண்டவர்களால் இக்கதை பிறந்திருக்கலாம் என்றும் கருதுகிறார்கள்.

இதையெல்லாம் நாங்கள் சொல்லி முடித்ததும் மகள் கேட்டாள்: "அப்போ தப்பா வரைந்த படத்தையா நாம கும்பிடுறோம்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கும்பிடுவது படத்தை அன்று, உள்ளே இருக்கிற ஆண்டவரை என்று ஞானோபதேசப்படி முதலில் பதில் சொன்னோம். அது அவளுக்குத் தெரியும். அவள் கேட்டது அதுவன்று. பிறகு அவளுடைய தாய் சொன்னார்: "அவர் மூக்கைத்தான் பார்க்கவில்லை கண்ணு. தாய் என்றால் எப்படி இருப்பாள் என்று பார்த்திருக்கிறார். அதைச் சரியாகத்தானே வரைந்திருக்கிறார்?"

மகள் பதில் பேசவில்லை. கரையோரத் திட்டில் உட்கார்ந்தாள். சற்று நேரங்கழித்துப் பையிலிருந்து நோட்டை எடுக்கும் ஓசை கேட்டது. நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை, குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பெற்றோர் கண் மேலே விழுந்தால் பிள்ளையின் கை கூசிவிடும். எங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு, நாங்களும் ஆளுக்கொரு பறவையை வரைந்தோம். காற்றில் அசைகிற தாளில், அழிப்பானில்லாமல், எங்கள் கோடுகளும் கோணலாகத்தான் வந்தன. அவள் அதை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தாள். கணினித் திரைக்கு வெளியே எங்கள் கை தடுமாறுவதை அவள் அதற்கு முன் அதிகம் கண்டதில்லை.

அவள் வரைந்தது இரு கண்கள் வைத்த ஒரு பெரிய சாக்குப்பை. பைக்குள் மூன்று குஞ்சுகள். ஒன்று வாயைத் திறந்து அழுகிறது. நெஞ்சில் இரத்தத்துளி, நிறத்துக்குச் சிவப்பு இல்லாததால் பக்கத்தில் 'சிவப்பு' என்று எழுதியிருந்தாள். "நன்றாக இருக்கிறது" என்று நாங்கள் சொல்லவில்லை. "அழுகிற குஞ்சுக்கு என்ன வேண்டுமாம்?" என்று மட்டும் கேட்டோம். அதற்குக் கால் மணி நேரம் கதை வந்தது.

பிள்ளைகளுக்குக் கலையைப் பகிர்வது பற்றிச் சிந்திக்கும்போதெல்லாம் எங்கள் தொழிலின் மூத்தோர் இருவரை நினைத்துக்கொள்வதுண்டு. இத்தாலியின் மிலான் நகரத்து வரைகலைஞர் புரூனோ முனாரி, சிறுவனாயிருந்த தம் மகனுக்கு ஏற்ற புத்தகங்களைக் கடைகளில் காணாமல், தாமே சில புத்தகங்களை உருவாக்கினார். திறந்தால் மறைந்திருப்பது தெரியும்படி சிறு மடிப்புக் கதவுகள் வைத்த அந்நூல்கள் 1945-இல் வெளிவந்தன. பின்னாளில், 1977-இல், மிலானின் பிரேரா ஓவியக்கூடத்தில் குழந்தைகளுக்கென ஒரு கலைப்பட்டறையை அவர் தொடங்கினார். மற்றொருவர் லியோ லியோன்னி. அமெரிக்காவில் பெரிய இதழொன்றின் கலை இயக்குநராக இருந்தவர். பேரப்பிள்ளைகள் இருவருடன் இரயிலில் சென்றபோது, அவர்களின் சேட்டையை அடக்க, கையிலிருந்த இதழின் தாளைக் கிழித்து நீலத் துண்டையும் மஞ்சள் துண்டையும் வைத்துக் கதை சொன்னார். இரண்டும் தழுவிக்கொண்டால் பச்சை. அந்தக் கதையே 1959-இல் நூலாக வந்து உலகெங்கும் குழந்தைகளின் கைக்குச் சென்றது. முகமில்லை, கையில்லை, காலில்லை. வெறும் கிழிந்த தாள். வரைய வராது என்று சொல்கிற பிள்ளையும் தாளைக் கிழிக்க மறுப்பதில்லை.

நாங்களும் அன்று அதைச் செய்தோம். வீடு திரும்பப் பேருந்துக்குக் காத்திருந்தபோது, வெயில் ஏறிச் சிறியவன் சிணுங்கத் தொடங்கினான். யாரோ கையில் திணித்துவிட்டுப் போன தள்ளுபடி விற்பனைத் துண்டறிக்கை இருந்தது. அதைக் கிழித்தோம். மஞ்சள் துண்டு மீனாயிற்று. சிவப்புத் துண்டு பேருந்தாயிற்று. மீன் பேருந்தில் ஏறிப் பாலக்காட்டிற்குப் புறப்பட்டது. நடத்துநர் சீட்டு கேட்டதும் செதில் ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தது. பக்கத்தில் கூடையோடு நின்ற அம்மாள், "மிச்சச் சில்லறையைக் கேட்டு வாங்கச் சொல்லுங்க!" என்று கதைக்குள் தாமும் நுழைந்தார்.

பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் கூறிற்று. அதை நாம் பெரும்பாலும் செபமாலைக்கும் மறைக்கல்விக்கும் பொருத்திப் படிக்கிறோம். தூய இரண்டாம் யோவான் பவுல் 1999-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா நாளில் கலைஞர்களுக்கு எழுதிய மடலில், எல்லாரும் கலைஞராக அழைக்கப்படாவிடினும், தம் வாழ்வைத் தாமே வனையும் பொறுப்பு ஒவ்வொருவருக்கும் உண்டு என்னும் கருத்தைக் கூறியிருக்கிறார். எங்கள் மகள் எங்கள் தொழிலுக்கு வருவாளா என்பது எங்களுக்குத் தெரியாது. வர வேண்டும் என்ற ஆசையும் பெரிதாக இல்லை. காகத்தின் கழுத்தில் தான் கண்ட நீலத்தை இன்னொருவர் மைக்குறிக்காக அவள் விட்டுவிடக் கூடாது என்பதே எங்கள் கவலையாயிருந்தது.

செல்ல விரும்பும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள். காலை பத்து மணிக்குமேல் குளக்கரையில் வெயில் கடுமை, நிழல் குறைவு. தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். மீன் சந்தைக்குப் புதுச் செருப்பு அணிந்து செல்ல வேண்டாம். கைப்பேசியில் பறவையைப் படமெடுப்பது எளிது; ஆனால் எடுத்த பிறகு யாரும் பறவையைப் பார்ப்பதில்லை என்பதை அன்று கரையிலேயே கண்டோம்.

இப்போது திருவருகைக் காலம் நெருங்குகிறது. எங்கள் வீட்டுக் குடிலில் இவ்வாண்டு கண்ணாடித் துண்டினாலான குளம் உக்கடம் பெரியகுளமாக இருக்க வேண்டும், கரையில் மூன்று அரசர்களுக்கு முன்பாகவே கூழைக்கடாக்கள் வந்து நிற்க வேண்டும் என்று மகள் உத்தரவிட்டிருக்கிறாள். பழைய அட்டைப் பெட்டிகளில் ஏழு பறவைகள் தயாராகிவிட்டன. ஒன்றின் அலகு மற்றதைப்போல் இல்லை. மாட்டுத் தொழுவத்திற்கு மேலே மேம்பாலம் வேண்டும் என்கிறான் சிறியவன். யோசேப்பும் மரியாவும் எந்தப் பக்கமாக இறங்கி வருவார்கள் என்பதில் அக்காளுக்கும் தம்பிக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. தூண்களுக்கு எத்தனை தீப்பெட்டி தேவைப்படும் என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.